நாயையும் பூனையையும் கூட்டிக்கொண்டு ஊர் போக: கொங்கு நாட்டுக்கு ஒரு முழு வழிகாட்டி

தாராபுரம் பக்கம் இருக்கும் அமுச்சி (அம்மாவின் அம்மா) தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் எங்கள் காரின் பின்சீட்டில் செவலை இருப்பான். நாட்டு நாய், ஆறு வயசு. சில தடவை பூனை மீனுவும் வருவாள்; கோயமுத்தூரில் கத்த ஆரம்பித்தால் பல்லடம் தாண்டும்வரை ஓயாது. அஞ்சாறு வருஷம் இப்படிப் போய்வந்ததில், மண்ணையும் தண்ணியையும் கெடுக்காமல் எப்படிப் போவது என்று தப்புப் பண்ணிப் பண்ணிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த விஷயத்தைப் பற்றித் தேடினால் மூங்கில் சீப்பு வாங்குங்கள், மக்கும் பை வாங்குங்கள், மடக்குக் கிண்ணம் வாங்குங்கள் என்று வாங்கச் சொல்லும் பட்டியல்தான் கண்ணில் படும். வாங்க வேண்டியது அநேகமாக ஒன்றுமே இல்லை. எங்கே போகிறோம், எத்தனை தடவை போகிறோம், நாய் அங்கே எதை விட்டுவிட்டு வருகிறது, இவ்வளவுதான் கணக்கு. வேண்டிய சாமானெல்லாம் பொள்ளாச்சியிலும் பவானியிலும் திருப்பூரிலும் ஏற்கனவே தயாராகிறது.

1. முதலில் ஊரைத் தேர்ந்தெடுங்கள்

"வால்பாறைக்கு நாயைக் கூட்டிப் போலாமுங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில். பொள்ளாச்சியிலிருந்து ஏறும் பாதை ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் ஊடே போகிறது. 40 கொண்டை ஊசி வளைவு. பாதி நாய்கள் பத்தாவது வளைவிலேயே வாந்தி எடுத்துவிடும். தேயிலைத் தோட்டத்துப் பக்கம் சிறுத்தை வருவதும் நாயைத் தூக்குவதும் அங்கே இருப்பவர்களுக்குப் புதுசில்லை. திம்பம் பாதையும் அப்படித்தான். 27 வளைவு, சுற்றிலும் 2013-இல் புலிகள் காப்பகமான சத்தியமங்கலம் காடு.

நம் நாய்க்கு வரும் ஆபத்தைவிட நம் நாயால் காட்டுக்கு வரும் ஆபத்து பெரிசு. டிஸ்டெம்பர் என்று ஒரு வைரஸ். நாயிடமிருந்து காட்டு மாமிச உண்ணிகளுக்குத் தாவும். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது அந்த வைரஸும் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. நம் மலைகளில் இருக்கும் செந்நாய் நாய்க் குடும்பத்துச் சொந்தமே. சரணாலயத்துக்குள் வளர்ப்பு நாயை விடமாட்டார்கள் என்பதை ஏதோ கெடுபிடி என்று நினைக்க வேண்டாம், காரணம் இதுதான்.

அப்போ எங்கே போவது? சமவெளிக்கு. காங்கேயம், தாராபுரம் பக்கம் கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம், கோபி பக்கம் வாய்க்கால் கரை, பொள்ளாச்சித் தென்னந்தோப்பு. சொந்தக்காரர் தோட்டம் இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஹோட்டல் மாதிரி துண்டும் போர்வையும் தினம் துவைக்க வேண்டியதில்லை, நாய்க்கும் ஓட இடம் இருக்கும். வாடகைக்குத் தோட்டத்து வீடு எடுப்பதானால் "நாய் வரலாங்களா" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஆடு இருக்குதுங்களா, வேலி முழுசா இருக்குதுங்களா" என்றும் சேர்த்துக் கேளுங்கள். ஏன் என்று எட்டாம் பகுதியில் சொல்கிறேன்.

ஊருக்கே கூட்டிப் போகாமல் இருப்பதும் ஒரு வழி. வயசான நாய், இணைசேரும் பருவத்தில் இருக்கும் பெட்டை, வீட்டை விட்டு நகர விரும்பாத பூனை, இவற்றுக்குப் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதே நல்லது. மீனுவை நாலில் மூணு தடவை அப்படித்தான் விடுகிறோம்.

2. தடவையைக் குறையுங்கள், நாளைக் கூட்டுங்கள்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகும். டீசல் என்றால் 2.7 கிலோ வரை. எங்களுக்குப் போக வர 160 கிலோமீட்டர் சுமாருக்கு. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கும் கார் என்றால் 10 லிட்டர், அதாவது 23 கிலோ புகை. முன்னே மாசாமாசம் காலையில் போய் ராத்திரி திரும்பிவிடுவோம். இப்போது மூணு மாசத்துக்கு ஒருக்கா போய் நாலு நாள் தங்குகிறோம். மூணு மாசத்தில் 69 கிலோ ஆனது 23 ஆகிவிட்டது. எந்த மூங்கில் சீப்பாலும் இது முடியாது. செவலைக்கும் இதுதான் பிடித்திருக்கிறது; புது இடத்தில் முதல் நாள் முழுக்க மோந்து பார்க்கவே சரியாகிவிடும், இரண்டாம் நாள்தான் படுத்துத் தூங்குவான்.

விடியற்காலை அஞ்சு மணிக்குக் கிளம்புங்கள். ஏசி பாதி வழி தேவைப்படாது, நாய்க்கும் மூச்சு வாங்காது. சித்தப்பா குடும்பமும் வருகிறதென்றால் ஒரே வண்டியில் நெருக்கி உட்காருங்கள். நாய்க்கென்று தனி வண்டி எடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு ரயில் நல்ல வழி. சேலம், ஈரோடு வழியாகக் கோவை வரைக்கும் மின்சாரப் பாதை. நாய் நம்மோடு படுத்து வர வேண்டுமானால் முதல் வகுப்பு ஏசியில் இரண்டு படுக்கை கூபேயோ நாலு படுக்கை கேபினோ முழுசாக நம் பேரில் கிடைக்க வேண்டும். சேரன் எக்ஸ்பிரஸில் அந்தப் பெட்டி உண்டு. ஸ்லீப்பர், இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏசி, சேர் கார் எதிலும் நாய்க்கு அனுமதி இல்லை. அதனால் பகலில் ஓடும் கோவை எக்ஸ்பிரஸை மறந்துவிடலாம். செய்ய வேண்டியது: டிக்கெட் எடுத்ததும் கூபே வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். கால்நடை மருத்துவரிடம் தடுப்பூசிச் சான்றும் உடல் தகுதிச் சான்றும் வாங்குங்கள். கிளம்பும் நாளில் இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகப் பார்சல் ஆபீஸுக்கு நாயோடு போய் லக்கேஜ் கணக்கில் பணம் கட்டி ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் ஏற்றினால் பல மடங்கு கட்ட வேண்டிவரும். கார்டு பெட்டியில் நாய்க்கூண்டு என்று ஒன்று உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் அதில் எந்த நாயையும் ஏற்ற என் மனசு ஒப்பாது.

3. ஒரு மாசம் முன்பே ஊசி, ஒரு வாரம் முன்பே உண்ணி மருந்து

ராபீஸ் ஊசி எல்லோருக்கும் தெரியும். வருஷாவருஷம் போடும் கூட்டுத் தடுப்பூசியில் டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் எல்லாம் சேர்ந்திருக்கும். எலிக்காய்ச்சல் கிருமி மூத்திரத்தின் வழியாகத் தண்ணியில் கலந்து மனுஷருக்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் வரும். நாம் போவது வாய்க்கால் தண்ணியில் கை கால் கழுவும் ஊர். ஆகவே ஊசி போடாத நாய் வண்டியில் ஏறக்கூடாது. முதல் தடவை போடும் ஊசி என்றால் ஒரு மாசமாவது முன்பே போட்டுவிடுங்கள்.

உண்ணி மருந்து விஷயத்தில் நான் ரொம்ப நாள் தெரியாமல் இருந்தேன். பிடரித் தோலில் சொட்டு விடும் மருந்துகள் பலவற்றில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. இங்கிலாந்து ஆறுகளின் தண்ணீரை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வில், எடுத்த மாதிரிகளில் 98 சதவீதத்தில் அது இருந்தது. அங்கே வயலில் அதை அடிக்கவே கூடாது. இருந்தும் ஆற்றில் இருக்கிறதென்றால் நாயும் பூனையும்தான் காரணமாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். ஆகவே கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மருந்தைப் போட்டுவிடுங்கள். போட்ட கையோடு வாய்க்காலில் இறக்காதீர்கள். மாட்டுக்குத் தெளிக்கும் சைபர்மெத்ரினை நாய்க்கும் தெளித்து வாய்க்கால் ஓரத்தில் கழுவிவிடும் வழக்கம் நம் ஊரில் உண்டு. தண்ணியில் இருக்கும் மீன்களுக்கு அது கொடும் விஷம். இதே குடும்பத்து பெர்மெத்ரின் பூனை மேல் பட்டால் பூனை செத்தே போகலாம். நாய் மருந்தைப் பூனைக்குப் பாதியாகக் கொடுக்கலாம் என்று மெடிக்கல் கடையில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

4. மூட்டை கட்டுவது

சீட்டில் விரிக்கப் பழைய பவானி ஜமக்காளம். முரட்டு நூல், நாய் நகத்துக்கும் கிழியாது, உதறினால் முடி போய்விடும், வெயிலில் ஒரு மணி நேரத்தில் காயும். துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட்; கிலோ கணக்கில் கிடைக்கும், துவைத்துத் திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம். ஈரத் துடைப்பான் என்று பாக்கெட்டில் விற்பதில் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழைதான். தண்ணிக்கு மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு, சாப்பாட்டுக்குப் பழைய வட்டில் ஒன்று. ஒரு களைக்கொத்து, எதற்கென்று பிறகு சொல்கிறேன். கழுத்துப் பட்டையில் கயிற்றைக் கட்டி சீட் பெல்ட்டோடு இணைக்காதீர்கள், சடன் பிரேக்கில் கழுத்து முறியும். நெஞ்சைச் சுற்றிக் கட்டும் வார்ப்பட்டைதான் வேண்டும்.

பூனை வளர்ப்பவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். கடையில் விற்கும் பூனை மணல் பெரும்பாலும் பெண்டோனைட் களிமண். எங்கோ வெட்டி எடுத்து, அரைத்து, பிளாஸ்டிக் பையில் அடைத்து வருவது. ஒருநாளும் மக்காது. பொள்ளாச்சியைச் சுற்றி நார் மில்களில் தென்னை நார்க்கழிவு மலை மாதிரி கிடக்கிறது. தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தை இழுக்கும், நாற்றத்தையும் கொஞ்சம் அடக்கும். செங்கல் மாதிரி அமுக்கிய கட்டியாகக் கிடைத்தால் உப்பு நீக்கக் கழுவியதா என்று கேட்டு வாங்குங்கள். தண்ணி தெளித்தால் பொலபொலவென்று உப்பி வரும். அதைத் தார்ப்பாயில் இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உள்ளங்கையில் ஈரம் ஒட்டக்கூடாது, விரலைத் திறந்தால் உதிர வேண்டும், அதுதான் பதம். பிறகு கண் பெரிய சல்லடையில் சலித்துத் தூளை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூனையின் காலில் ஒட்டிக் காரெல்லாம் வீடெல்லாம் பரவும். பழைய பிளாஸ்டிக் பேசினில் மூணு விரல் கனத்துக்குப் போட்டால் இரண்டு நாள் தாங்கும். களிமண் போலக் கட்டி சேராது, அது ஒன்றுதான் குறை. நனைந்த இடத்தைக் கரண்டியால் வாரி எடுத்துவிட வேண்டியதுதான். மலத்தைத் தனியாக எடுத்துப் புதைத்துவிட்டு மீதி நார்த்தூளைத் தென்னை மரத்துப் பாத்தியில் போடலாம். காய்கறிப் பாத்தியில் போடவே கூடாது, பூனை மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி இருக்கலாம். வீட்டில் மாசமாக இருக்கும் பெண் இருந்தால் இந்த வேலையை அவளிடம் விடாதீர்கள்.

5. சாப்பாடு

கிளம்புவதற்கு மூணு நாலு மணி நேரம் முன்பே ஊட்டிவிடுங்கள், வழியில் தண்ணி மட்டும். நாலு நாளைக்கு பாக்கெட் தீவனம் கட்டிக்கொண்டு போவதைவிட அங்கேயே ராகிக்களி, சோறு, அவித்த முட்டை. அந்தப் பாக்கெட்டுகள் பல அடுக்கு பிளாஸ்டிக், காயலான் கடைக்காரர்கூட வாங்கமாட்டார். ஆனால் திடீரென்று மாற்றினால் வயிறு போகும், ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

நம் வீட்டு மிச்சத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. கொங்கு வீட்டில் விருந்தாளிக்கு அரிசிம்பருப்புச் சாதம் இல்லாமல் இருக்காது. அதில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமலும் இருக்காது. இரண்டும் நாயின், அதைவிடப் பூனையின், சிவப்பணுவை உடைக்கும். சாப்பிட்ட அன்றைக்குத் தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுத்து, மூத்திரம் கருத்துப் போகும். பிரியாணி எலும்பும் வேண்டாம். அமுச்சியிடம் இதைப் புரியவைக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது.

6. வழியில்

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருக்கா நிழலில் நிறுத்துங்கள். தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு எண்ணுங்கள்; உங்களால் முடியவில்லையென்றால் நாயின் பாதத்தாலும் முடியாது. டீ குடிக்கப் போகும்போது வண்டிக்குள் பூட்டிவிட்டுப் போகவே கூடாது. வெளியே 35 டிகிரி என்றால் அரை மணி நேரத்துக்குள் உள்ளே 50-ஐ நெருங்கிவிடும். நாய்க்கு நம்மைப் போல வேர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை விடும். அதற்காக ஏசியைப் போட்டு வண்டியை ஓடவிடுவது புகையைத்தான் கூட்டும். ஒருத்தர் நாயோடு மரத்தடியில் நில்லுங்கள், ஒருத்தர் டீ வாங்கி வரட்டும், கண்ணாடி கிளாஸில்.

நாய் தள்ளாடி, ஈறு செக்கச்செவேலென்று ஆனால் சாதாரணத் தண்ணியை வயிற்றிலும் தொடை இடுக்கிலும் ஊற்றி விசிறுங்கள், ஐஸ் வேண்டாம். உடனே கால்நடை மருத்துவர். 1962-க்குக் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் உதவி கேட்கலாம். கிழக்கே போகிறவர்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

7. நாய்ப் பீ

முகம் சுளிக்காமல் பேச வேண்டிய இடம். மாட்டுச் சாணியைப் போல இதுவும் உரம்தானே என்று தோட்டத்துக்காரர்களே நினைப்பதுண்டு. கிடையாது. நாய் மாமிசமும் முட்டையும் சேர்த்துத் தின்கிறது. அதன் மலத்தில் கொக்கிப் புழுவும் உருண்டைப் புழு முட்டையும் வரும். வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகளுக்கு அது ஆகாது. மழை வந்தால் எல்லாம் வாய்க்காலுக்கு.

முதல் இரண்டு வருஷம் நானும் மக்கும் பை என்று பச்சை நிறத்தில் விற்பதை வாங்கினேன். ஒருநாள் காலையில் செவலை போனதைப் பையில் கட்டி, திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று கிளுவை வேலியில் மாட்டிவிட்டு நடக்கப் போனேன். வந்து பார்த்தால் வெள்ளாடு ஒன்று முன்னங்காலை வேலியில் தூக்கி வைத்து, பையைப் பாதி மென்றுகொண்டிருந்தது. அமுச்சி கட்டுத்தரையிலிருந்து ஓடி வந்து ஆட்டின் வாயிலிருந்து மிச்சத்தைப் பிடுங்கி, என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏங்கண்ணு, பீயைப் பொட்டலங் கட்டி வேலியில தொங்கவுட்டிருக்கறே, இதென்ன கோயில் பிரசாதமா?"

அப்புறம்தான் விசாரித்தேன். மக்கும் பிளாஸ்டிக்குக்கு ஐ.எஸ். 17088 என்று தரம் உண்டு. அது சொல்லும் மக்கல், சூடும் ஈரமும் பிடித்து வைத்த உரத் தொழிற்சாலையில் நடப்பது. தாராபுரத்துக் காய்ந்த மண்ணில் அது மாசக்கணக்கில் அப்படியே கிடக்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தூக்குப் பைகளுக்குத் தடை இருந்தும், நாய்க்கென்றால் மட்டும் நாம் விதிவிலக்கு எடுத்துக்கொள்கிறோம்.

இப்போது செய்வது: போய்ச் சேர்ந்ததும் தோட்டத்து மூலையில், கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் 200 அடியாவது தள்ளி, காய்கறி போடாத இடமாகப் பார்த்துக் களைக்கொத்தால் ஒரு சாண் ஆழத்துக்கு நாலஞ்சு குழி. போகும்போதெல்லாம் பாக்கு மட்டைத் துண்டால் அள்ளிக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளி மூடுவேன். மட்டையும் அதிலேயே. டவுனில், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் என்றால் நாளிதழ்த் தாளில் அள்ளித் தங்குமிடக் கக்கூஸில் கொட்டித் தண்ணி ஊற்றிவிட்டுத் தாளைக் குப்பையில் போடலாம்.

8. தோட்டத்துக்குள்

கயிற்றை அவிழ்க்காதீர்கள். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தெரு நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறுவதால் விவசாயிகள் நொந்துபோய் இருக்கிறார்கள், ரோட்டில் உட்கார்ந்து போராடியும் இருக்கிறார்கள். முகம் தெரியாத நாய் ஒன்று கொறங்காட்டில் தனியாக ஓடினால் அது உங்கள் செல்லம் என்று யாரும் விசாரிக்கப் போவதில்லை. செவலை ஆட்டைப் பார்த்தால் வாலை ஆட்டுவான், அவ்வளவுதான். ஆனால் சினை ஆடு மிரண்டு ஓடினாலே குட்டி விழுந்துவிடும். மயில் முட்டை வேலியடியில் மண்ணில்தான் கிடக்கும், அதையும் மோந்து கலைப்பான். மலையடிவாரத் தோட்டமென்றால் இன்னும் கவனம். காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயை (தீனிக்குள் மறைத்த நாட்டு வெடியை) கடித்து வாய் சிதைந்த நாய்கள் உண்டு.

தண்ணி வீட்டிலிருந்து கொண்டுபோன தூக்கிலிருந்தோ கிணற்றிலிருந்தோ மட்டும். திருப்பூருக்குக் கீழே நொய்யலில் இறக்காதீர்கள். சாயக்கழிவு பல வருஷம் ஓடிய ஆறு. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது அதனால்தான். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணி விட்டிருக்கும் மாசங்களில் கரையோரம்கூட வேண்டாம். இழுப்பு அதிகம், சாய்ந்த கரையில் நாயால் ஏற முடியாது, காப்பாற்றக் குதிப்பவரும் சேர்ந்து போவார்.

9. கிளம்பும் காலையில்

இதை வீட்டுக்கு வந்து செய்யலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஜமக்காளத்தை அங்கேயே உதறுங்கள். நாயைத் திண்ணையில் உட்கார வைத்து வாலிலிருந்து காது வரை சீவுங்கள். நாயுருவி விதை வயிற்றடி முடியில் வரிசையாக ஒட்டியிருக்கும். பார்த்தீனியம் பூத்த இடத்தில் புரண்டிருந்தால் அந்த விதையும் இருக்கும். அடுத்த ஊருக்குக் களையைச் சுமந்து போகும் வண்டியாக நாய் ஆகக்கூடாது. சீவியதை அடுப்பில் போட்டுவிடலாம். கால் இடுக்கில் சீமைக்கருவேல முள் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். காது மடலுக்குள் உண்ணி இருந்தால் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், திருகாதீர்கள், சூடு வைக்காதீர்கள். எடுத்த உண்ணியை நகத்தால் நசுக்காமல் சோப்புத் தண்ணி இருக்கும் கொட்டாங்குச்சியில் போடுங்கள். போன தடவை செவலையிடம் பதினொன்று இருந்தது. அமுச்சி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினார்.